விளக்கை அணைத்தார்கள், பழுது அப்படியே இருந்தது

இந்தக் காரை வாங்கி மூன்றரை வருடம் ஆகிறது. 58,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. எஞ்சின், கியர், சஸ்பென்ஷன் எதிலும் குறை இல்லை. நாள் முழுக்க ஓட்டினாலும் அலுப்புத் தெரியாத வண்டி. ஆனால் ஒரே ஒரு புகாருக்காகப் பதினோரு மாதம் டீலரின் சர்வீஸ் சென்டருக்கு நடையாய் நடந்தேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சாவியைத் திருப்பியதும் எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டிய ஏர்பேக் விளக்கு ஒரு நாள் அணையவே இல்லை. அது எரியும் நிலையில் விபத்து நடந்தால் ஏர்பேக் விரியாமல் போகலாம். முன் சீட்டில் பெரும்பாலும் என் அம்மாதான் உட்காருவார் என்பதால் அன்றைக்கே வண்டியைக் கொண்டுபோனேன். வண்டியை வாங்கிப் புகாரை எழுதிக்கொள்ளும் சர்வீஸ் அட்வைசர் ஸ்கேனரை மாட்டினார். பத்து நிமிடத்தில் "சரியாயிடுச்சு சார்" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

மூன்றாவது வாரம் மறுபடியும் எரிந்தது. மறுபடியும் போனேன், மறுபடியும் எரர் கோடை, அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பழுதுக் குறியீட்டை, அழித்து அனுப்பினார்கள். நான்கு முறை இதே கதை. மூன்றாவது தடவை போனபோது விளக்கு தானாகவே அணைந்திருந்ததால், "பழுது எதுவும் இல்லை" என்று ஜாப் கார்டில் (புகாரையும் செய்த வேலையையும் எழுதும் தாள்) எழுதிவிட்டார்கள். எரர் கோடை அழிப்பது பழுது பார்ப்பது ஆகாது. எந்த சர்க்யூட்டில் மின்தடை கூடியது, பழுது இப்போதும் இருக்கிறதா அல்லது வந்து போனதா என்ற தடயமெல்லாம் அதோடு சேர்ந்து அழிந்துவிடும். இது எனக்கு அப்போது தெரியாது.

விடை கிடைத்தது தற்செயலாகத்தான். மழை விட்ட மறுநாள், அம்மா உட்காரும் பக்கம் தரையில் விழுந்த பேனாவைத் தேடி கால்மிதி மேட்டை விலக்கினேன். ஊறின சாக்கு வாடை அடித்தது. கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் ஏறியது. பிசுபிசுப்போ இனிப்பு வாடையோ இல்லை, அதனால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் இல்லை. ஏசி போடாமல் நிறுத்தியிருந்த நாட்களிலும் ஈரம் கூடியது, அதனால் ஏசி தண்ணீரும் இல்லை. டார்ச் அடித்து சீட்டுக்கு அடியில் பார்த்தேன். ஏர்பேக் ஒயரிங்கின் மஞ்சள் கனெக்டர் ஓரத்தில் பச்சைப் பூஞ்சை போலக் களிம்பு. விளக்கு எரிந்தது இந்த ஈரத்தால்தான். கை வைக்காமல் போட்டோ மட்டும் எடுத்தேன். ஏர்பேக் ஒயரில் நாமே கை வைப்பது ஆபத்து.

என் வண்டியைப் போல சன்ரூஃப் (கூரையில் திறக்கும் கண்ணாடி) உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சன்ரூஃப் ரப்பர் தண்ணீரை முழுசாகத் தடுக்காது. உள்ளே கசிவதைச் சுற்றியுள்ள பள்ளம் வாங்கி, மூலைகளில் இருக்கும் மெல்லிய குழாய்கள் வழியாகக் கூரையைத் தாங்கும் தூண்களுக்குள் இறக்கி வண்டிக்கு வெளியே விட்டுவிடும். குழாய் அடைத்தாலோ கழன்றாலோ அந்தத் தண்ணீர் நேராகக் கார்ப்பெட்டுக்கு வரும். பள்ளத்தின் மூலையில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் கீழே வெளியில் சொட்ட வேண்டும். என் வண்டியில் ஒரு பக்கம் சொட்டியது, இன்னொரு பக்கம் சொட்டவில்லை.

இதை எடுத்துக்கொண்டு ஐந்தாவது முறை போனபோது, "கண்ணாடியை இறக்கி விட்டிருப்பீங்க, வாரண்டியில வராது" என்றார்கள். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. வாரண்டி முடிய ஆறு வாரம்தான் இருந்தது. நல்லவேளையாக ஐந்து ஜாப் கார்டுகளும் கையில் இருந்தன. தேதி, கிலோமீட்டர், போட்டோ, தண்ணீர் ஊற்றிய வீடியோ எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு நேரடியாக மெயில் அனுப்பினேன். டீலருக்கும் ஒரு நகல் போட்டேன். "புகார் வாரண்டி காலத்திலேயே பதிவாகியிருக்கிறது" என்ற வரியை முதலில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் கம்பெனி இஞ்சினியர் வந்தார்.

தூணை மூடியிருக்கும் உள்பக்க டிரிம்மைக் கழற்றியதும் தெரிந்தது, சன்ரூஃப் குழாயின் முனை இணைப்பிலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. குழாயை மாட்டி கிளிப் போட்டார்கள். கனெக்டரையும், கார்ப்பெட்டுக்கு அடியில் ஊறிப்போன ஃபோமையும் மாற்றினார்கள். ஃபோமை மாற்ற முதலில் ஒப்புக்கொள்ளவில்லை, வெயிலில் காய வைத்தால் போதும் என்றார்கள். நான் விடவில்லை. ஃபோம் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், புதுக் கனெக்டரும் அதே கதிக்குத்தான் ஆளாகும்.

வேலை செய்த டெக்னீஷியன் கைதேர்ந்தவர். அவரிடம் அதுவரை போனதெல்லாம் "ஏர்பேக் விளக்கு" என்ற இரண்டு வார்த்தைதான். எப்போது எரிகிறது, மழைக்குப் பிறகா என்று நான் சொன்னது எதையும் அட்வைசர் எழுதவே இல்லை. இப்போதெல்லாம் ஜாப் கார்டில் என் வார்த்தையிலேயே புகாரை எழுதச் சொல்லி, படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறேன். எரர் கோடை அழிக்கும் முன் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுக்கச் சொல்கிறேன். ஓட்டும்போது மட்டும் தெரியும் பழுதாக இருந்தால் டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டுகிறேன்.

ரிப்பேர் முடிந்து பதினாறு மாதம் ஆகிறது. விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை. மழை பெய்த மறுநாள் மேட்டை விலக்கிக் கார்ப்பெட்டை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் இன்றும் அம்மாவை உட்காரச் சொல்கிறேன்.