பழைய லாண்ட்ரோவரின் பின் அக்சல்: திருத்துவதா, மாற்றுவதா?

பழைய சீரீஸ் 3 லாண்ட்ரோவரின் பின்பக்கம் ஊளையிடத் தொடங்கினால், திருகோணமலையில் பலரும் சொல்வது ஒன்றுதான்: "முழு அக்சலையும் மாத்திப் போடுங்கோ அண்ணை, தலையிடி முடிஞ்சுது." கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய சாமான் கடைகளில் அக்சல் ஒன்றைப் பார்த்து லொறியில் ஏற்றிவிட்டால் சரி என்பது கணக்கு. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஹவுசிங் (அக்சலின் வெளிக் கூடு) நேராகவும் கறள் பிடிக்காமலும் இருந்தால், உள்ளதைத் திருத்துவதே நல்லது. வாங்கி வருகிற அக்சலுக்கும் உங்களுடையதன் வயதுதான். அது யாரிடம் என்ன பாடுபட்டதென்று ஒருவருக்கும் தெரியாது.

முதலில் சத்தத்தைக் கவனிக்க வேண்டும். அக்சிலேட்டரை மிதிக்கும்போது ஊளையிட்டு, காலை எடுத்ததும் சத்தம் மாறினால், அக்சலின் நடுவில் சாப்டுகளைச் சுற்ற வைக்கும் டிபரன்சலுக்குள் இருக்கும் பற்சில்லுகளான கிரவுன் வீலும் பினியனும் தேய்ந்திருக்கின்றன. மிதித்தாலும் விட்டாலும் ஒரே உறுமல், வளைவில் மட்டும் கூடிக் குறைகிறது என்றால் சில்லின் நடுவிலுள்ள ஹப் பெயாரிங். கியர் போட்டுக் கிளம்பும்போது 'டக்' என்றால், அக்சலைத் தொடுவதற்கு முன், கியர் பக்கத்திலிருந்து அக்சலுக்கு வரும் புரொப்பெலர் சாப்டின் குறுக்குப் பெயாரிங்கைக் கையால் அசைத்துப் பாருங்கள். சில நேரம் குற்றம் முழுவதும் அங்கேதான் இருக்கும்.

திருத்துவதற்கு இந்த அக்சல் நன்றாக இடம் கொடுக்கும். 88 அங்குல வண்டியில் (முன், பின் சில்லுகளுக்கு இடைப்பட்ட தூரம் அது) இருக்கும் ரோவர் அக்சலில் வண்டியின் பாரத்தை உள் சாப்ட் தாங்குவதில்லை. பாரம் ஹப்பிலும், ஹவுசிங் முனையிலுள்ள குட்டை அச்சான ஸ்டப் அக்சலிலும் நிற்கும், சாப்ட் சில்லைத் திருப்புவதோடு சரி. அதனால் சில்லைக் கழற்றாமலே ஆறு போல்ட்டை எடுத்துச் சாப்டை வெளியே இழுக்கலாம். புல்மோட்டைப் பக்கம் சாப்ட் முறிந்தாலும், முறிந்த துண்டை எடுத்துவிட்டு நாலு சில்லு ஓட்டத்தில் போட்டால் முன் சில்லுகள் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். துண்டு டிபரன்சலுக்குள் சிக்கியிருந்தால் மட்டும் அதோடு ஓடக் கூடாது, பல்லைத் தின்றுவிடும். ஹப் பெயாரிங், ஒயில் சீல், சீல் உரசும் வளையம் எல்லாம் ஊர்க் கராஜிலேயே மாற்றக்கூடியவை. வளையத்தில் நகம் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீல் மட்டும் போட்டுப் பயனில்லை. ஒயில் மறுபடியும் பிரேக் சூவில் இறங்கிவிடும்.

அடுத்த வழி, டிபரன்சலை மட்டும் மாற்றுவது. ஊளைச் சத்தத்துக்கு நான் முதலில் நினைப்பது இதைத்தான். ஒயிலை வடித்து, இரண்டு சாப்டையும் கொஞ்சம் வெளியே இழுத்து, புரொப்பெலர் சாப்டைப் பிரித்து, பத்து நட்டைக் கழற்றினால் முழுசாக இறங்கிவிடும். கிரவுன், பினியனைப் புதிதாகப் போட்டு பற்களுக்கிடையே இடைவெளி வைப்பதற்கு நுண்ணியதாய் அளக்கும் டயல் கேஜும் பழகிய கையும் வேண்டும். அவை இல்லாத இடத்தில், நல்ல டிபரன்சல் ஒன்றை அப்படியே மாற்றுவதுதான் புத்தி. முழு அக்சலைப் போல இதைக் கொண்டுவர லொறியும் தேவையில்லை.

ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சீரீஸ் வண்டியில் டிபரன்சலின் பல் விகிதம் 4.7, அதாவது புரொப்பெலர் சாப்ட் 4.7 தரம் சுற்றினால் சில்லு ஒரு தரம் சுற்றும். பழைய ரேஞ்ச் ரோவர், டிஸ்கவரியிலிருந்து வருகிற டிபரன்சல் 3.54. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், அதே பத்து நட்டில் கச்சிதமாக உட்காரும். தார் றோட்டில் வண்டி இன்னும் சுகமாக ஓடுவதாகக்கூடத் தோன்றும். நிலாவெளி மணலில் நாலு சில்லையும் போட்டதும்தான் வினை: முன் அக்சல் 4.7இலேயே இருப்பதால் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றப் பார்க்க, இரண்டுக்கும் வலுவைப் பிரித்துக் கொடுத்து இடையில் மாட்டிக்கொண்ட டிரான்ஸ்பர் பெட்டியும் சாப்டுகளும் முறுகும். எனவே கடையிலேயே வைத்துப் பல்லை எண்ணுங்கள். கிரவுனில் 47, பினியனில் 10 என்றால் 4.7. 46க்கு 13 என்றால் 3.54. சாப்ட் நுழையும் பல்லையும் எண்ண வேண்டும்: 10 பல் உள்ளதும் உண்டு, 24 பல் உள்ளதும் உண்டு. ஒன்றின் சாப்ட் மற்றதில் போகாது.

முழு அக்சல் எப்போது? ஹவுசிங் வளைந்திருந்தால், அல்லது ஸ்பிரிங் உட்காரும் இடம் கறளில் உதிர்ந்திருந்தால். பின் ரயர் உள் விளிம்பில் மட்டும் தேய்வதும், சாப்டைத் திரும்பச் செருகும்போது நேராகப் போகாமல் தட்டுவதும் வளைவுக்கு அடையாளம். பின்னால் உள்ள மெல்லிய மூடி ஓட்டையாகி ஒயில் கசிவது வேறு கதை. கடற்கரையில் ஓடும் வண்டிகளுக்கு அது வழக்கம்தான். வெட்டிவிட்டுப் புதுத் தகடு வெல்டிங்கில் ஒட்டினால் போதும்.

109 அங்குல வண்டியின் சோல்ஸ்பரி அக்சலை 88இல் போடச் சிலர் ஆசைப்படுவார்கள். பலம் கூடியதுதான், மறுக்கவில்லை. ஆனால் பாரமும் கூட. புரொப்பெலர் சாப்டைக் குறுக்க வேண்டும், பிரேக்கும் 10 அங்குலத்துக்குப் பதில் 11 அங்குலமாகும். படகு இழுக்கவும் நெல் மூட்டை ஏற்றவும் ரோவர் அக்சலே தாராளம்.

வாங்கத்தான் வேண்டும் என்றால், காசு கொடுக்கும் முன் ஒயில் நட்டைத் திறந்து கொஞ்சம் வடித்துப் பாருங்கள். தேத்தண்ணி நிறத்தில் பால் கலந்ததுபோல வந்தால் தண்ணீர் புகுந்த அக்சல், விட்டுவிடுங்கள். அப்புறம் மேலே உள்ள காற்றுத் துளை திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது அடைபட்டிருந்தால், ஓடிச் சூடான அக்சல் தண்ணீரில் இறங்கிக் குளிரும்போது சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். உப்பாறு, வெருகல் பக்கம் மாரியில் ஓடுகிறவர்கள் அந்தத் துளையிலிருந்து ஒரு ரப்பர் குழாயைச் சேசிஸ் உயரத்துக்கு ஏற்றிக் கட்டிவிடுங்கள்.