பாமாயில் உப்பா, ஆளிவிதையா? கறவைச் செம்மறிகளுக்கான கொழுப்புத் தீவனம் குறித்து ஓர் ஒப்பீடு

ஸ்பெயினின் லா மான்சா சமவெளியில் மான்செகா இனச் செம்மறிகளைக் கறந்து, அந்தப் பாலிலிருந்து அங்கேயே மான்செகோ பாலாடைக்கட்டி செய்யும் பண்ணை ஒன்றில் தீவனக் கலவையை முடிவு செய்வது என் வேலை. ஈன்ற முதல் வாரங்களில் ஆடு தின்பதன் மூலம் பெறும் ஆற்றலைவிடப் பாலில் இழக்கும் ஆற்றல் அதிகம். அந்தக் குறையை நிரப்பப் பார்லியையும் மக்காச்சோளத்தையும் கூட்டிக்கொண்டே போனால் முதல் இரைப்பையான ரூமனில் அமிலம் ஏறிவிடும். ஆகவே கொழுப்புச் சேர்க்கிறோம். எந்தக் கொழுப்பை என்பதுதான் கேள்வி. பாமாயில் கொழுப்பு அமிலங்களின் கால்சியம் உப்பு, அழுத்தத்திலும் வெப்பத்திலும் பொரித்தெடுத்த ஆளிவிதை ஆகிய இரண்டையும் ஊட்டிப் பார்த்துவிட்டு ஆளிவிதையில் நிலைத்திருக்கிறேன். எனவே இந்த ஒப்பீடு நடுநிலையானது என்று நான் சொல்லப்போவதில்லை.

முதலில் இரண்டுக்கும் பொதுவானவை. எந்தக் கொழுப்பானாலும் தீவனத்தின் உலர் எடையில் மொத்தக் கொழுப்பு 6 விழுக்காட்டை ஒட்டி நிற்பது நல்லது. அதற்கு மேல் போனால் நார்ச்செரிமானம் கெடும், ஆடு தின்பதும் குறையும். சூரியகாந்தி எண்ணெயும் சோயா எண்ணெயும் மூன்றாவது வழியாகச் சொல்லப்படுகின்றன. அவை மலிவு, பாலில் நல்ல மாற்றத்தையும் தருகின்றன. ஆனால் திரவ எண்ணெயைத் தீவனத்தில் சீராகக் கலக்கும் வசதி எங்களிடம் இல்லை. மீன் எண்ணெயும் கடல் நுண்பாசியும் செம்மறிப் பாலின் கொழுப்பையே குறைக்கக்கூடியவை என்பதால் பாலாடைக்கட்டி செய்பவர் அவற்றை அணுகவே தயங்குவார். நான் அவற்றை ஊட்டியதில்லை.

தமிழ்நாட்டு மாட்டுப்பண்ணைகளில் ‘பைபாஸ் கொழுப்பு’ என்று விற்கப்படுவதும் பெரும்பாலும் இந்தப் பாமாயில் உப்புதான். ரூமனில் அமிலத்தன்மை மிதமாக இருக்கும்வரை இது கரையாமல் கடந்து, நான்காம் இரைப்பையின் கடும் அமிலத்தில் பிரிந்து, குடலில் உறிஞ்சப்படுகிறது. ரூமனில் வாழ்ந்து தீவனத்தைச் செரிக்கும் நுண்ணுயிரிகளுக்குத் தொந்தரவில்லை, மூட்டையில் மாதக்கணக்கில் கெடுவதில்லை, கலப்பதும் எளிது. சவர்க்காரம் போன்ற வாடையால் ஆடுகள் முதல் சில நாட்கள் முகம் திருப்பும். சர்க்கரைப்பாகுக் கழிவைச் சேர்த்தால் பழகிவிடும். இதில் ஏறத்தாழப் பாதி பால்மிடிக் அமிலம். அது மடிக்குச் சென்று நேராகப் பால்கொழுப்பாகிறது. பாலின் கொழுப்பு விழுக்காடு ஏறுவது சில வாரங்களிலேயே ஆய்வறிக்கையில் தெரியும்.

ஆனால் அதே அறிக்கையின் அடுத்த பத்தியில் புரதம் சற்று இறங்கியிருக்கும். கறவைச் செம்மறிகளில் பாமாயில் உப்பைப் பற்றி மீண்டும் மீண்டும் பதிவாகியிருக்கும் விளைவு இது. ரூமன் நுண்ணுயிரிகள் மாவுச்சத்திலிருந்து ஆற்றல் பெறுகின்றன, கொழுப்பிலிருந்து பெறுவதில்லை. பார்லியின் இடத்தில் கொழுப்பை வைத்தால் அவை கட்டும் நுண்ணுயிர்ப் புரதம் குறைகிறது, மடிக்குப் போகும் அமினோ அமிலங்களும் குறைகின்றன. பால் அளவு கூடினால் இருக்கும் புரதம் மேலும் நீர்த்துப்போகிறது.

என் முடிவைத் தீர்மானித்தது இந்தச் சின்ன இறக்கம்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஸ்பெயினில் செம்மறிப் பாலுக்கு விலை பேசும்போது கொழுப்பு விழுக்காட்டையும் புரத விழுக்காட்டையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கு விலை வைப்பது வழக்கம். உதாரணத்துக்கு 7.0 கொழுப்பும் 5.6 புரதமும் உள்ள பால் 12.6 புள்ளி பெறும். பாமாயில் உப்பால் கொழுப்பு 7.8 ஆகவும் புரதம் 5.4 ஆகவும் மாறினால் 13.2 புள்ளி. பாலை விற்பவருக்கு இது தெளிவான லாபம். புரதம் இறங்கியதை அவர் கவனிக்கக்கூட வேண்டியதில்லை.

அதே பாலை உறைகலத்தில் ஊற்றினால் கணக்கு வேறாகிறது. கொழுப்புக்குப் புரதம் எவ்வளவு என்ற விகிதம் முதல் பாலில் 0.80, இரண்டாவதில் 0.69. பாலை உறையவைக்கும் நொதியான ரென்னட்டை ஊற்றியதும் வலைபோலப் பின்னிக்கொள்வது புரதத்தின் பெரும்பகுதியான கேசீன். கொழுப்புத் துளிகள் அந்த வலையில் சிக்கிக்கொள்கின்றன, அவ்வளவே. வலை மெலிந்து துளிகள் பெருகினால் கட்டி தளரும், கத்தியால் வெட்டும்போது உடையும், கட்டியிலிருந்து பிரியும் தெளிநீரோடு கொழுப்பு வெளியேறும். கூடுதல் கொழுப்புக்கு மூட்டை மூட்டையாகப் பணம் கொடுத்துவிட்டு அதில் ஒரு பங்கைத் தெளிநீரில் ஓடவிடுவது எந்தக் கணக்கிலும் சரிவராது. மான்செகோவின் விதிகள் உலர்பொருளில் கொழுப்பு குறைந்தது 50 விழுக்காடும் புரதம் குறைந்தது 30 விழுக்காடும் கேட்கின்றன. ஒரு பண்ணையின் தீவனம் மட்டும் அந்த 30 விழுக்காட்டை உடைத்துவிடாது என்பது உண்மைதான். ஆனால் கொழுப்பில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் பாலுக்கு மேலும் கொழுப்பைச் சேர்த்து, புரதத்தை இறக்குவது எங்களுக்கு வேண்டாத திசை.

ஆளிவிதை இந்த இடத்தில்தான் முந்துகிறது. விதையில் சுமார் 40 விழுக்காடு எண்ணெய் இருக்கிறது. அதோடு 20 விழுக்காட்டுக்கும் மேல் புரதமும் வருகிறது. பாமாயில் உப்பில் புரதமே கிடையாது. எங்கள் மந்தையில் மிதமான அளவில் ஊட்டியபோது பாலின் புரதம் நிலையாகவே இருந்தது. அளவைக் கூட்டினாலும் அப்படியே நிற்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன், அவ்வளவு தூரம் நாங்கள் போகவில்லை.

கொழுப்பு என்ன ஆகும் என்ற அச்சம் மாடு வளர்த்தவர்களுக்கு வரும். மாட்டுக்கு மாவுச்சத்து மிகுந்த தீவனத்தோடு தாவர எண்ணெயைக் கொடுத்தால் பால்கொழுப்பு சரிவது பழைய தலைவலி. செம்மறியில் தாவர எண்ணெய்களால் பொதுவாக அப்படி நேர்வதில்லை. கொழுப்பு அதே அளவில் நிற்கும், சிலவேளை ஏறும். மாறுவது அதன் தன்மை. ஆளி எண்ணெயில் பாதிக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். ரூமன் பாக்டீரியாக்கள் அதற்குப் படிப்படியாக ஹைட்ரஜன் ஏற்றி ஸ்டியரிக் அமிலமாக்க முயல்கின்றன; ஆனால் வேலை முழுமையடையாமல் ஒரு பகுதி வாக்சனிக் அமிலமாகவே தப்பி மடிக்கு வருகிறது. மடியின் நொதியொன்று அதை ரூமெனிக் அமிலமாக மாற்றுகிறது. இப்படிப் பாலில் லினோலெனிக், வாக்சனிக், ரூமெனிக் அமிலங்கள் கூட, லாரிக், மிரிஸ்டிக், பால்மிடிக் ஆகிய நிறைவுற்ற அமிலங்கள் குறைகின்றன. பாமாயில் உப்போ பால்மிடிக்கைக் கூட்டுகிறது. உண்பவரின் உடல்நலத்துக்கு இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்று நான் வாதிடப்போவதில்லை. மனிதர் ஒரு நாளில் தின்னும் பாலாடைக்கட்டி ஒரு துண்டுதான்.

வசந்தத்தில் பச்சைப்புல் மேயும் ஆட்டின் பாலிலும் இதே சாயல் தெரியும், ஏனெனில் இளம் புல்லின் கொழுப்பிலும் ஆல்ஃபா லினோலெனிக் அமிலமே மேலோங்கியிருக்கிறது. லா மான்சாவில் கோடையில் நிலம் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடுவதால், ஆளிவிதை எங்களுக்குக் கோடைக்கும் கொட்டில் காலத்துக்கும் உரியது. புல் இருக்கும் மாதங்களில் அளவைக் குறைத்துவிடுகிறோம்.

குறைகளும் உண்டு. விலை கூடுதல். பொரித்த விதை காற்றிலும் சூட்டிலும் எளிதில் காறிப்போகும் என்பதால், கோடையில் ஒரே நேரத்தில் நிறைய வாங்கி அடுக்க முடியாது. செலவை மிச்சம்பிடிக்கப் பச்சை விதையை ஊறவைத்து ஊட்டலாமே என்று யாரேனும் கேட்டால் கூடவே கூடாது என்பேன்: அதில் சயனைடை வெளியேற்றும் சேர்மங்கள் இருக்கின்றன, அவற்றைத் தூண்டும் நொதியை முறையான வெப்பம்தான் அழிக்கிறது. நிறைவுறாத கொழுப்பு மிகுந்த பாலாடைக்கட்டி சற்று மென்மையாக இருக்கும், நீண்ட காலம் பழுக்கும்போது காறலுக்கு இடமும் கொடுக்கும். எங்களுடையவை பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் விற்றுப்போகின்றன, அதுவரை சுவையில் குறை தென்படவில்லை. மான்செகோவை இரண்டு ஆண்டுகள்வரை பழுக்கவைக்க விதி அனுமதிக்கிறது. அவ்வளவு காலம் வைப்பவர்கள் என் பேச்சை மட்டும் நம்பி மாறவேண்டாம், ஒரு தொகுதியைத் தனியே வைத்துப் பார்க்கட்டும்.

பாலை விற்று முடித்துவிடும் பண்ணைக்காரர், வாங்குபவர் கூட்டுப் புள்ளிக்கே பணம் கொடுக்கும்வரை, பாமாயில் உப்பை விடுவதற்குக் காரணமில்லை. அவர் இடத்தில் நானும் அதைத்தான் வாங்குவேன். தன் பாலைத் தானே உறையவைப்பவர் தீவனத்தை மாற்றுமுன் ஆய்வகத்தில் மொத்தப் புரதத்தோடு கேசீனையும் தனியாக அளந்து தரச் சொல்லவேண்டும். மாற்றியபின் தெளிநீரில் எவ்வளவு கொழுப்புப் போகிறது என்பதையும் அளக்கவேண்டும். எங்கள் பண்ணையில் ஆளிவிதையின் கூடுதல் விலைக்கு நியாயம் சொன்னது அந்தத் தெளிநீர் அளவுதான்.