எம்.எஸ்சி. மாலிகுலர் பயாலஜி: நம்மூரா, பெங்களூரா, ஜெர்மனியா?

பி.எஸ்சி. கடைசி வருடத்துப் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, எங்க அப்ளை பண்ணலாம்?" முன்பெல்லாம் ஃபீஸ், ஹாஸ்டல், ரேங்க் என்று வரிசையாகச் சொல்வேன். இப்போது நானே திருப்பிக் கேட்கிறேன்: அந்த ரெண்டு வருஷத்துல பைப்பெட் (திரவத்தைத் துல்லியமா அளந்தெடுக்கிற லேப் கருவி) எத்தனை நாள் உன் கையில இருக்கும்?

காரணம் என் சொந்த அனுபவம். நான் எம்.எஸ்சி. படித்த இடத்தில் (பெயர் வேண்டாம்) 24 பேருக்கு ஒரே ஜெல் டேங்க் (டிஎன்ஏவை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் தொட்டி). பிளாஸ்மிட் (பாக்டீரியாவிலுள்ள வட்ட டிஎன்ஏ) பிரிக்கும் நாளில் லேப் அண்ணன் காலையிலேயே ஜெல்லுக்கான அகரோஸை உருக்கி ஊற்றி வைத்துவிடுவார். நாலு பேருக்கு ஒரு வெல் (ஜெல்லில் சாம்பிள் இடும் குழி). கை நடுங்காதவன் லோடு பண்ணுவான். மற்ற மூவரும் யுவி வெளிச்சத்தில் எட்டிப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் பட்டைகளை வரைந்துகொள்வோம். பேண்ட் (அந்த டிஎன்ஏ பட்டை) வராத நாளே கிடையாது. முந்தின நாளே ஓட்டிப் பார்த்த சாம்பிளைத்தானே தருவார்கள். தோற்கவே முடியாத சோதனை அது.

ஆனாலும் நம்மூர் படிப்பை நான் மட்டம் தட்டமாட்டேன். தியரியில் அடித்தளம் கெட்டியாக விழும். ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தேசியத் தேர்வான சிஎஸ்ஐஆர் நெட்டின் லைஃப் சயின்ஸ் சிலபஸில் 13 யூனிட். மாலிகுலர் பயாலஜி படித்தவனும் சூழலியல், பரிணாமம், தாவர உடலியல் எல்லாவற்றையும் தொட்டே ஆகவேண்டும். நம் பல்கலைக்கழகப் பாடத்திட்டம் பெரும்பாலும் அதை ஒட்டியே ஓடுகிறது. அதில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) அடித்துவிட்டால் பிஎச்.டி. சேர்ந்ததும் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், கூடவே வாடகைப்படி. வீட்டுக்குப் பாரமில்லை. ஜிஏடி-பி என்ற நுழைவுத் தேர்வு எழுதி, டிபிடி (மத்திய அரசின் பயோடெக்னாலஜி துறை) ஆதரவு பெற்ற எம்.எஸ்சி. பயோடெக்னாலஜியில் சேர்ந்தால் படிக்கும்போதே சின்ன ஸ்டைபெண்டும் உண்டு. லேப் வசதியும் சாதாரணத் துறைகளைவிடப் பரவாயில்லை.

இந்த வழியில் போகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒட்டு வேலை ஒன்று இருக்கிறது. மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு ஃபெல்லோஷிப்புக்குப் போடுங்கள். கிடைத்தால் இரண்டு மாதம் பெங்களூர் ஐஐஎஸ்சி, ஹைதராபாத் சிசிஎம்பி மாதிரி ஆய்வு நிறுவனத்தில் உட்காரலாம். நான்காம் செமஸ்டர் ப்ராஜெக்டையும், துறை அனுமதித்தால், வெளியே செய்யுங்கள். காசு வாங்கிக்கொண்டு 'ப்ராஜெக்ட்' முடித்துத் தரும் கடைகள் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். பிஎச்.டி. இன்டர்வியூவில் "அனீலிங் டெம்பரேச்சர் எப்படி முடிவு பண்ணினாய்?" என்று, டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் சோதனையின் அடிப்படைக் கேள்வியைக் கேட்டாலே சாயம் வெளுத்துவிடும்.

பெங்களூர் வழி என்பது எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த இன்டகிரேட்டட் பிஎச்.டி. ஐஐஎஸ்சி, என்சிபிஎஸ் (டிஐஎஃப்ஆரின் உயிரியல் ஆய்வு மையம்) இரண்டும் பி.எஸ்சி. முடித்தவர்களையே எடுக்கின்றன. சேர்ந்த நாள் முதல் ஸ்டைபெண்ட், லேப் லேபாக மாறி மாறிச் சில வாரம் வேலை பழகும் ரொட்டேஷன். மூன்று வழிகளில் பைப்பெட் கணக்கில் இதுவே முதல். செலவிலும் இதுவே குறைவு. சிக்கல் ஒன்று: 20 வயதில் ஆறேழு வருடத்துக்கு எழுதிக்கொடுக்கிறீர்கள். எனக்கு அந்த வயதில் ஆராய்ச்சி பிடிக்குமா என்பதே தெரியாது. நடுவில் இறங்கினால் கையில் எம்.எஸ்சி. இருக்குமா, எந்த நிபந்தனையில் என்று சேருமுன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவே என்பதால் இதை மட்டும் நம்பி உட்காரவும் முடியாது.

ஜெர்மனியில் இரண்டு ஊர்களைச் சொல்கிறேன். ஹைடல்பெர்க்கில் பல்கலைக்கழகத்தோடு ஈஎம்பிஎல்லும் (ஐரோப்பிய மாலிகுலர் பயாலஜி ஆய்வகம்) ஜெர்மன் புற்றுநோய் ஆய்வு மையமும் ஒரே ஊரில் இருக்கின்றன. ஆனால் அது இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. நாலு செமஸ்டருக்கு 6,000. கோட்டிங்கனில் அந்தக் கட்டணம் இல்லை, செமஸ்டர் பங்களிப்பு மட்டும்தான். மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தோடு சேர்ந்து நடக்கும் அங்குள்ள மாலிகுலர் பயாலஜி படிப்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 20 பேர். முதல் வருடம் பிழிந்தெடுப்பார்கள்: வகுப்புகள், செய்முறை, தலா எட்டு வாரமாக மூன்று லேப் ரொட்டேஷன், கடைசியில் பரீட்சை. அதில் நன்றாகச் செய்தால் மாஸ்டர் தீசிஸ் எழுதாமலே நேராக பிஎச்.டி.க்குத் தாவலாம், இல்லையென்றால் ஆறு மாதம் தீசிஸ் செய்து பட்டத்தோடு வெளியே வரலாம். பெங்களூரில் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டிய அந்த இறங்கும் படிக்கட்டு இங்கே பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அதனாலேயே எனக்கு இதன்மேல் ஒரு சாய்வு.

ரொட்டேஷன் என்றால் என்னவென்று என் ஜூனியர் ஒருத்தி சொன்னதிலிருந்துதான் முழுசாகப் புரிந்தது. அங்கே ஒரு ரொட்டேஷனில் ஒரு ஜீனை வெக்டருக்குள் (ஜீனைச் சுமந்து செல்லும் டிஎன்ஏ) ஏற்றச் சொன்னார்களாம். மூன்று வாரம் பிசிஆரில் பேண்டே இல்லை. டெம்பரேச்சரை மாற்றினாள், மெக்னீசியத்தை மாற்றினாள், டிஎன்ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸ் என்சைமையே மாற்றினாள். கடைசியில் வழிகாட்டி சீக்வென்ஸை பேப்பரில் எழுதச் சொன்னபோதுதான் தெரிந்தது: ரிவர்ஸ் பிரைமரை (பிசிஆரில் ஜீனின் மறுமுனையில் ஒட்டவேண்டிய குட்டி டிஎன்ஏ துண்டு) ரிவர்ஸ் காம்ப்ளிமென்ட் எடுக்காமல், அதாவது எழுத்துகளைத் திருப்பிப் போட்டு இணை எழுத்தாக மாற்றாமல், அப்படியே ஆர்டர் போட்டிருக்கிறாள். அது எங்கே போய் ஒட்டும், என்னத்தைப் பெருக்கும்? புது பிரைமர் வந்து மறுநாளே பேண்ட். அந்த மூன்று வாரத்தை என் இரண்டு வருட ரெக்கார்டு நோட்டோடு எந்தத் தராசில் வைப்பது?

காசு விஷயத்துக்கு வருவோம். "ஜெர்மனியில் படிப்பு ஃப்ரீ" என்பது பாதி உண்மை. விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் மட்டும் எடுக்க முடிகிற முடக்கிய கணக்கு) இப்போதைக்கு வருடத்துக்கு 11,904 யூரோ காட்டவேண்டும். நம் கணக்கில் பதினோரு லட்சத்தைத் தாண்டும். மாதம் 992 யூரோவாக அது உங்களுக்கே திரும்பி வரும், சரி; முதலில் அதைப் புரட்டுவது யார்? அப்பாவின் பிஎஃப்பையோ வீட்டுப் பத்திரத்தையோ தொடுவதாக இருந்தால் உட்கார்ந்து யோசியுங்கள். வருடத்துக்கு 140 முழுநாள் வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனால் ரொட்டேஷன் ஓடும் வருடத்தில் செல் கல்ச்சர் ஹூட்டை விட்டு எழுந்து கடை வேலைக்குப் போக நேரம் எங்கே? கோட்டிங்கன் மாதிரி இடங்களில் சிலருக்கு உதவித்தொகை கிடைக்கிறது. கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் கிளம்பாதீர்கள்.

அமெரிக்க மாஸ்டர்ஸை இதில் சேர்க்கவே இல்லை. அங்கே பிஎச்.டி.க்குத்தான் சம்பளத்தோடு இடம் தருவார்கள். மாஸ்டர்ஸ் பெரும்பாலும் சொந்தக் காசு. இந்தத் துறையில் அந்தக் கடனை அடைக்க வருடக்கணக்காகும்.

என் வரிசை இதுதான். ஆராய்ச்சிதான் என்று தீர்மானமாக இருப்பவர்களுக்கு முதலில் பெங்களூர். பணம் புரளும், ஆனால் மனசு இன்னும் ஊசலாடுகிறது என்றால் கோட்டிங்கன். இரண்டும் இல்லையென்றால் ஜிஏடி-பி வழியாக நம்மூர், கூடவே அந்தக் கோடைக்கால ஃபெல்லோஷிப். எல்லாவற்றுக்கும் ஒரே குளிர்காலத்தில்தான் ஓடவேண்டியிருக்கும். என்சிபிஎஸ்ஸுக்கான டிஐஎஃப்ஆர் தேர்வு, ஐஐஎஸ்சிக்கான ஜாம் தேர்வு, ஜெர்மன் விண்ணப்பங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழும். இதற்கு நடுவே ஜெர்மனிக்கு, நம் படிப்புச் சான்றுகள் உண்மைதான் என்று சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் வேறு வேண்டும். அதற்கு காலேஜ் ஆபீஸில் மார்க்‌ஷீட் கேட்டு நடக்கிற நடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, ஆயுத பூஜை லீவுக்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.