கேஸ் நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட் புதுப்பிக்க எந்த வழி?

எங்கள் கடற்கரை ஊர்களில் மறியல் என்றால் ஊரே திரண்டு போகும். எஃப்.ஐ.ஆரில் முப்பது பெயர் ஏறும், பிறகு எல்லோரும் மறந்துவிடுவார்கள். பஹ்ரைனில் மீன்பிடிக்கப் போன பையன் பாஸ்போர்ட் புதுப்பிக்க வரும்போதுதான் அந்தக் கேஸ் எழுந்து நிற்கும். என் தம்பிக்கு நடந்தது அதுதான்.

முதலில் கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு சொல்வது குற்றவியல் நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கைத்தான். போலீஸ் விசாரணையோடு நிற்கும் எஃப்.ஐ.ஆர். அதில் சேராது என்று வெளியுறவு அமைச்சகமே 2019 அக்டோபரில் தெளிவுபடுத்தியிருக்கிறது. குற்றப்பத்திரிகையை கோர்ட் கோப்பில் எடுத்து நம்பர் போட்டிருந்தால்தான் சிக்கல். இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் தெரியும்.

நம்பர் விழுந்துவிட்டது என்றால் ஊரில் முதலில் சொல்லும் யோசனை, "ஃபாரத்தில் கேஸ் இல்லைன்னு போடு." வேண்டவே வேண்டாம். தகவலை மறைத்தால் 12-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கையில் வந்த பாஸ்போர்ட்டையும் முடக்கலாம்.

அடுத்த யோசனை, குற்றத்தை ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டுவது. ஒரே நாளில் முடிந்துவிடும். இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை இருந்தால்தான் ஐந்தாண்டுத் தடை என்பதால், ஃபைனோடு முடிந்த கேஸுக்கு அந்தத் தடை வராது. ஆனால் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெற்றவன் என்று பதிவாகிவிடும். நாளை வேறு நாட்டு விசாவுக்குப் போலீஸ் சான்று கேட்டால் அங்கேயும் அது வந்து நிற்கும். இருபத்தைந்து வயசுப் பையனை இப்படி ஒப்புக்கொள்ளச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

மிஞ்சுவது இரண்டு வழி. கேஸ் நடக்கும் கோர்ட்டிலேயே, அது இரணியலோ குழித்துறையோ பத்மநாபபுரமோ, அனுமதி மனு போடுவது ஒன்று. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் கேஸையே ரத்து செய்யக் கேட்பது இன்னொன்று.

முதல் வழியில் செலவும் அலைச்சலும் குறைவு. ஆனால் ஆர்டரில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1993 ஆகஸ்ட் 25-ஆம் தேதி அறிவிக்கை ஜி.எஸ்.ஆர். 570(இ)-படி, கோர்ட் எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிட்டால் அத்தனை ஆண்டுக்கு பாஸ்போர்ட். பாஸ்போர்ட்டுக்கோ பயணத்துக்கோ எந்தக் காலமும் சொல்லவில்லை என்றால் ஒரே ஒரு ஆண்டுதான். தம்பிக்கு முதலில் கிடைத்த ஆர்டரில் "ஆட்சேபணை இல்லை" என்று மட்டும் இருந்தது. மனுவிலேயே எத்தனை ஆண்டுக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. சொல்ல வேண்டிய வக்கீலும் சொல்லவில்லை. புத்தகம் வந்ததும் அம்மா ஆசையோடு பிரித்துக் காட்டினார்கள். முடியும் தேதி சரியாக அடுத்த வருஷம். விசாவுக்கு ஆறு மாதமாவது செல்லுபடி பாக்கி இருக்க வேண்டும் என்பார்கள். பேப்பர் ஓடுவதற்குள் அந்த ஆறு மாதம் கரைந்துவிட்டது.

உயர்நீதிமன்றத்துக்கு மதுரை வரை போக வேண்டும், ஃபீஸும் அதிகம், எப்போது முடியும் என்று தேதி சொல்ல முடியாது. ஆனால் ஜெயித்தால் கேஸே இல்லை. மறியல் கேஸ்களுக்கு இந்த வழியில் உண்மையிலேயே பலம் இருக்கிறது. அரசு அதிகாரியின் உத்தரவை மீறியதாகப் போடும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188-ஆவது பிரிவில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, அமைதியாகக் கூடியதையே சட்டவிரோதக் கூட்டம் ஆக்கிவிட முடியாது என்று மதுரைக் கிளை 2018-லேயே சொல்லியிருக்கிறது. அடிதடி, காயம் என்று வேறு பிரிவுகளும் சேர்ந்திருந்தால் இவ்வளவு எளிதில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். வந்த பிறகு இந்த ரத்து மனு அதன் 528-ஆவது பிரிவில் போகிறது.

பயண டிக்கெட் நெருக்குகிறவர்கள் கீழ்க் கோர்ட்டையே முதலில் பிடிக்கட்டும், ரத்து மனு பின்னாலேயே நடக்கட்டும். ஒன்றுக்காக மற்றதை நிறுத்திவைக்க வேண்டியதில்லை.

தம்பிக்கு இரண்டாவது மனுவில் "பத்து ஆண்டுக்குப் பாஸ்போர்ட் வழங்க" என்று நானே பக்கத்தில் இருந்து டைப் செய்ய வைத்தேன். வாய்தாவுக்கு வக்கீல் மூலம் ஆஜராக வேண்டும் என்ற நிபந்தனையோடு அதே வார்த்தை ஆர்டரிலும் வந்தது. சீல் வைத்த நகலை வாங்கியதும் கோர்ட் வராந்தாவிலேயே நின்று அந்த வரியை மூன்று முறை படித்துப் பார்த்தேன்.