பத்மினி கார்புரேட்டருக்கு மஞ்சள் முலாம்: ஆறு வருஷத்துக்குப் பிறகு

என்னிடம் இருப்பது 1986 பிரீமியர் பத்மினி கார். வீடு திருவான்மியூரில், கடற்காற்று நேராக வந்து அடிக்கும் தெரு. 2019-ல் அதன் சோலெக்ஸ் கார்புரேட்டரை (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) கழற்றியபோது வார்ப்பு உடல் நன்றாகவே இருந்தது. துருப்பிடித்திருந்தது இரும்புச் சாமான்கள்தான்: த்ராட்டில் லீவர், சோக் லீவர், பம்ப் கம்பி, திருகுகள். லீவரில் வாஷருக்கு அடியில் மட்டும் கம்பெனி போட்ட மஞ்சள் முலாம் ஒரு வட்டமாகத் தப்பியிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்தால், தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோல் பச்சையும் சிவப்புமாக மினுங்கியது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

முதலில் சில்வர் ஸ்பிரே. பெட்ரோல் கசியும் இடத்தில் ஒரே மாதத்தில் உரிந்துவிட்டது. உரிந்த துணுக்கு ஜெட்டை, அதாவது பெட்ரோல் போகும் சின்னத் துளையை, அடைத்தால் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். கார்புரேட்டருக்கு பெயின்ட் வேண்டவே வேண்டாம்.

அடுத்து வீட்டிலேயே வினிகர், எப்சம் உப்பு, துத்தநாகத் தகடு, 1.5 வோல்ட் பேட்டரி வைத்துச் செய்து பார்த்தேன். முலாம் ஏறியது, மங்கிய சாம்பல் நிறத்தில். முதல் ஐப்பசி மழையிலேயே வெள்ளைப் பொடி பூத்தது. துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். ஆனால் அந்தத் துத்தநாகத்தையும் ஒன்று காக்க வேண்டும். அதுதான் மேலே போடும் பாசிவேஷன் என்கிற மெல்லிய ரசாயனப் படலம். மஞ்சள் நிறமே அதிலிருந்து வருவதுதான்.

கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிளேட்டிங் கடையில் ஜிங்க் (துத்தநாக) முலாமும் அதன் மேல் எல்லோ பாசிவேஷனும் போட்டேன். கொடுக்கும் முன் மண்ணெண்ணெயில் கழுவி, துருவை முழுக்கச் சுரண்டிவிடுங்கள். முலாம் குழியை மறைக்காது. சின்னச் சாமான்களை ஒரே செம்புக் கம்பியில் கோத்து, போட்டோ எடுத்துக் கொடுங்கள். கார்புரேட்டர் உடலைக் கொடுக்கவே கூடாது. அதுவே துத்தநாகக் கலவை, ஆசிட் தின்றுவிடும். 8 மைக்ரான் முலாம் என்றால், இரண்டு பக்கமும் சேர்த்து, பின்னின் (லீவர் சுழலும் சின்ன ஆணி) குறுக்களவு 16 மைக்ரான் கூடும். என் பம்ப் லீவரின் பின் துளையில் இறுகிப்போய், நைஸ் எமரியால் தேய்த்துத்தான் உள்ளே போனது. வாங்கி வந்த சாமானை ஒரு நாள் தொடாமல் வையுங்கள். புதுப் பாசிவேஷன் ஈரத்தோடு மெத்தென்று இருக்கும், விரல் பட்டாலே கீறல் விழும்.

ரிட்டர்ன் ஸ்பிரிங்கையும் (ஆக்ஸிலரேட்டரை விட்டதும் த்ராட்டில் லீவரைத் திரும்ப இழுப்பது) சேர்த்துக் கொடுத்தது பெரிய தவறு. மூன்றாம் மாதம் சிக்னலில் அது பட்டென்று ஒடிந்து, இன்ஜின் அலறியது. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டேன். பிறகு வேறொரு பட்டறைப் பெரியவர் விளக்கினார்: “ஸ்பிரிங்கை ஆசிட்ல போட்டா ஹைட்ரஜன் உள்ள எறங்கிடும் தம்பி. நாலு மணி நேரத்துக்குள்ள ஓவன்ல 200 டிகிரியில சூடு காட்டணும். இல்லேன்னா ஒடியும்.” இப்போது ஸ்பிரிங் புதிதாகவே வாங்கிப் போடுகிறேன்.

ஆறு வருஷம் கழித்து: லீவர்களில் மஞ்சள் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, சிவப்புத் துரு இல்லை. கேபிள் முனை உரசும் இடத்தில் மட்டும் முலாம் தேய்ந்து இரும்பு தெரிகிறது. அங்கே மாதம் ஒரு சொட்டு எண்ணெய். ஸ்க்ரூடிரைவர் பட்ட இரண்டு திருகுத் தலைகளில் துரு ஆரம்பித்திருக்கிறது. அவற்றை அடுத்த முறை ட்ரைவேலன்ட் பாசிவேஷனுக்கு (வேறு வகைக் குரோமியம் உள்ளது) கொடுப்பேன். பழைய மஞ்சளில் இருப்பது ஹெக்சாவேலன்ட் குரோமியம், புற்றுநோய் வரவைக்கும் சரக்கு. தொட்டியருகே நாள் முழுக்க நிற்பவர்களின் மூச்சில் அதுதான் போகிறது. நிறம் கொஞ்சம் வெளிறி வந்தாலும் எனக்குச் சம்மதம்.