சின்ன டீமுக்கு ஜாங்கோ எப்படி? ஒரு சீசன் பயன்படுத்திய பிறகு

திருகோணமலையில் நாலு பேர் சேர்ந்து வெப்சைட் செய்து கொடுக்கிறோம், வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து கெஸ்ட் ஹவுஸ்காரர்கள். டீமை நடத்துவது என் பொறுப்பு. போன சீசனுக்கு முன் ஜாங்கோவுக்கு, அதாவது பைதான் மொழியில் வெப்சைட் செய்ய உதவும் ஃப்ரேம்வொர்க்குக்கு, மாறினோம், இனி வேறு எதற்கும் போகிற எண்ணம் இல்லை.

முதல் காரணம் அட்மின் பக்கம், அதாவது சைட்டின் தகவல்களை ஏற்றவும் மாற்றவும் ஜாங்கோவோடு வருகிற பக்கம். முன்பு பார்வையாளர் பார்க்கிற முன்பக்கம் வேறு, அதற்குத் தகவல் கொடுக்கிற ஏபிஐ வேறு என்று பிரித்துச் செய்ததில் அறை விலையை மாற்றுகிற படிவத்துக்கே ஒரு வாரம் போய்விடும். இதில் என்னென்ன தகவலைச் சேமிக்க வேண்டும் என்று சொல்லும் மாடலை எழுதி அட்மினில் பதிவு செய்தால் படிவம் தானாக வருகிறது. மூன்றாம் நாளே விடுதி அக்கா தன் போனிலிருந்து அறைகளை ஏற்றத் தொடங்கினார், ஏற்றும்போதே "தம்பி, ஏப்ரலுக்குப் பிறகு விலை வேறயெல்லோ, அதை எங்க போடுறது?" என்று கேட்டார். நாங்கள் அதற்கு இடமே வைக்கவில்லை. கடைசியில் தெரிந்திருந்தால் முன்பதிவுக் கணக்கு முழுவதையும் திருப்பி எழுத வேண்டி வந்திருக்கும்.

டீம் நடத்துகிறவர்களுக்கு மைக்ரேஷன் பெரிய உதவி. டேட்டாபேஸின் அமைப்பில் செய்கிற ஒவ்வொரு மாற்றமும் எண் போட்ட ஒரு ஃபைலாகக் கோடோடு சேர்ந்தே வருவதால், யார் எதைத் தொட்டார்கள் என்பதை ரிவ்யூவில் பார்த்துவிடலாம். ஒருநாள் டீமில் இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு 0007 ஃபைல் எழுதியிருந்தார்கள், ஜாங்கோ முரண்பாடு என்று சொல்லி நின்றுவிட்டது. இரண்டையும் இணைக்கிற மெர்ஜ் கட்டளை கொடுத்தால் முடிந்திருக்கும், ஆனால் உட்கார்ந்து கதைத்தபோதுதான் இரண்டு பேரும் ஒரே கழிவு (தள்ளுபடி) விலையை வெவ்வேறு பெயரில் சேர்த்திருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து மாடலைத் தொடுகிறவர் காலையிலேயே மற்றவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

சரி, குறைகள். தமிழ்த் தலைப்பிலிருந்து இணைய முகவரி செய்யும் ஸ்லகிஃபை நமக்குச் சரிவராது. வழக்கமான அமைப்பில் வெறுமையாக வரும், யூனிகோடை அனுமதித்தாலோ உயிர்க்குறிகளும் புள்ளியும் உதிர்ந்து 'நிலாவெளி' 'நலவள' ஆகிவிடும். பைதானின் எழுத்துக் கணக்கில் அந்தக் குறிகள் எழுத்தாகச் சேராததுதான் காரணம். நாங்கள் சொந்தமாக ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி வைத்திருக்கிறோம், தமிழில் சைட் செய்கிறவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

ஹோஸ்டிங்கும் கவனம். பிஎச்பிக்கென்று விற்கிற மலிவான ஷேர்ட் ஹோஸ்டிங்கில் இதை ஓட்டப் பார்த்துக் காலத்தை வீணாக்க வேண்டாம், விபிஎஸ் (நமக்கென்று தனியாக வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) செலவை வாடிக்கையாளருக்கு முதலே சொல்லிவிடுவது நல்லது. நாலைந்து பக்கத்தில் படமும் போன் நம்பரும் மட்டும் போதும் என்பவருக்கு நாங்களே வேர்ட்பிரஸ் தான் செய்து கொடுக்கிறோம்.

பதிப்பில் 5.2 எடுங்கள். 2025 ஏப்ரலில் வந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பு அது, 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், சீசன் நடுவில் பெரிய அப்கிரேடுக்கு இறங்க வேண்டியிருக்காது.