ஈடுகட்டும் இழப்பீடா, தண்டிக்கும் இழப்பீடா?

சிவில் வழக்கில் ஜெயித்தவருக்குக் கோர்ட் வாங்கித் தரும் பணம் எல்லாம் ஒரே வகை இல்லை.

ஈடுகட்டும் இழப்பீடு என்பது மருத்துவச் செலவு, போன சம்பளம், பட்ட வலி என்று இழந்ததைக் கணக்குப் போட்டுத் தருவது. ஆதாரம் காட்ட வேண்டும், அதற்கு மேல் எதுவும் கிடையாது.

தண்டிக்கும் இழப்பீடு பார்ப்பது எதிர்த்தரப்பு எவ்வளவு மோசமாக நடந்துகொண்டது என்பதை. சாதாரணக் கவனக்குறைவு இதற்குப் போதாது. அமெரிக்காவில் 1994-ல் மெக்டொனால்ட்ஸ் காபி கொட்டி உடல் வெந்துபோன மூதாட்டியின் வழக்கில் ஜூரி ஈடாக 2 லட்சம் டாலர் போட்டு, அவர் பக்கமும் 20 சதவீதம் தவறு உண்டு என்று 1.6 லட்சமாகக் குறைத்தது. தண்டனைத் தொகையோ 27 லட்சம், அப்புறம் நீதிபதி அதை 4.8 லட்சமாக வெட்டினார். ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 1992-ல் ஓர் அமெரிக்கத் தீர்ப்பின் தண்டனைப் பகுதியை அங்கே அமல்படுத்தவே மறுத்துவிட்டது.

என்னைக் கேட்டால், காயப்பட்டவருக்கு முதலில் வேண்டியது முழுமையான ஈடுதான். ஆனால் ஆபத்து என்று தெரிந்தே லாபத்துக்காக விற்கும் பெரிய நிறுவனத்துக்கு அது இன்னொரு செலவு மட்டுமே, அங்கே தண்டனைத் தொகை இல்லாமல் எதுவும் மாறாது.

வரியிலும் வித்தியாசம் உண்டு: அமெரிக்காவில் உடல் காயத்துக்கான ஈட்டுத் தொகைக்குப் பொதுவாக வருமான வரி இல்லை, தண்டனைத் தொகைக்கு உண்டு.